பள்ளி இருக்கிறது, இடம்தான் இல்லை: வாசகர் கேள்வி பதில்

நியூயார்க் குவீன்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தைப் போன இதழில் சுருக்கிப் போட்டிருந்தோம். மகன் படிக்கும் சின்ன சார்ட்டர் பள்ளி ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் தொடங்கி, அப்புறம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் இரண்டு மாடிகளுக்கு மாறி, இப்போது வரும் செப்டம்பரில் மறுபடியும் வேறு இடம் என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது, இது பள்ளியா சர்க்கஸ் கம்பெனியா என்று கேட்டிருந்தார். பதிலை இந்த இதழுக்குத் தள்ளியதில் அதே விஷயமாக மேலும் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். குவீன்ஸ் வாசகிக்கான பதில் கொஞ்சம் கீழே இருக்கிறது; நடுவில் உள்ளதைப் படித்துவிட்டுப் போனால் அது இன்னும் நன்றாகப் புரியும்.

கேள்வி: அமெரிக்காவிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் இல்லையா, நம்பும்படி இல்லையே! சார்ட்டர் பள்ளி என்றால் தனியார் பள்ளிதானே? பீஸ் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே?
– மதுரை வாசகர்

பீஸே கிடையாது சார், சிக்கலே அங்கேதான். சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளி, நடத்துகிறவர்கள் மட்டும் அரசு ஆட்கள் அல்ல. ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள், ஏதாவது ஒரு தொண்டு அமைப்பு என்று நாலு பேர் சேர்ந்து ஒரு வாரியம் அமைத்து, இப்படி நடத்துவோம், பிள்ளைகளை இந்த அளவுக்குக் கொண்டுவருவோம் என்று எழுதிக் கொடுத்து மாநிலத்திடம் அனுமதி வாங்குகிறார்கள். நுழைவுத் தேர்வு வைக்கக் கூடாது, விண்ணப்பம் அதிகமானால் லாட்டரி. இதற்கான முதல் சட்டம் 1991-ல் மினசோட்டாவில் வந்தது, அடுத்த ஆண்டே செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நியூயார்க் மாநிலம் 1998 டிசம்பரில்தான் சட்டம் போட்டது. இன்று நியூயார்க் நகரத்தில் மட்டும் 270-க்கும் மேற்பட்ட சார்ட்டர் பள்ளிகள் இருக்கின்றன.

நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அங்கேயும் சம்பளம் அரசுடையது, நிர்வாகம் வேறொருவருடையது. மீதிப் பாதியில்தான் வித்தியாசம். நம் உதவி பெறும் பள்ளிகள் பலவற்றுக்கு ஒரு மிஷனோ ஜமீனோ அறக்கட்டளையோ அந்தக் காலத்திலேயே நிலமும் கட்டடமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. சார்ட்டர் பள்ளிக்கு அப்படி யாரும் இல்லை. 1998 சட்டம் தலைக்கு இவ்வளவு என்று நடத்துவதற்குப் பணம் கொடுத்தது, எங்கே நடத்துவது என்பதை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

கேள்வி: ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 18 ஆயிரம் டாலருக்கு மேல் அரசு தருகிறதாமே. அதில் வாடகை கொடுக்க முடியாதா?
– சென்னை, அண்ணா நகர் வாசகி

முடியும், கொடுத்துவிட்டு மிச்சத்தில் பள்ளி நடத்த வேண்டும். கணக்குக்காக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். 200 பிள்ளைகள், தலைக்கு 18,000 என்றால் வரவு 36 லட்சம் டாலர். ஒரு பிள்ளைக்கு நூறு சதுர அடி என்று வைத்தாலும் 20,000 சதுர அடி வேண்டும் (வகுப்பறை மட்டும் இல்லை, நடைபாதை, கழிப்பறை, சாப்பாட்டு இடம், நர்ஸ் அறை எல்லாம் சேர்த்து). சதுர அடிக்கு வருஷ வாடகை 40 டாலர் என்று போடுங்கள், நியூயார்க்கில் அது ஒன்றும் ஆடம்பரமான தொகை இல்லை. எட்டு லட்சம் டாலர் ஆகிவிட்டது. வந்த பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஓனருக்குப் போகிறது.

இதே தெருவில் இருக்கும் டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கு, அதாவது நகரமே நடத்தும் பள்ளிக்கு, இந்தச் செலவு அதன் வரவு செலவுக் கணக்கிலேயே வராது. கட்டடம் கட்ட, ஓட்டை அடைக்க, கொதிகலன் மாற்ற ஸ்கூல் கன்ஸ்ட்ரக்ஷன் அத்தாரிட்டி என்று தனி அமைப்பு 1988 முதல் இருக்கிறது, தனிப் பணம் இருக்கிறது. சார்ட்டர் பள்ளியில் வாடகை ஏறினால் முதலில் போவது இசை ஆசிரியர், அடுத்தது நூலகர்.

கேள்வி: வாடகை இவ்வளவு என்றால் கடன் வாங்கிச் சொந்தமாக வாங்கிவிட வேண்டியதுதானே? வீட்டுக்கடன் மாதிரி கட்டிவிட்டுப் போகலாம்.
– கோயம்புத்தூர் வாசகர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி

நீங்கள் வங்கியில் இருந்தவர், உங்களிடமே திருப்பிக் கேட்கிறேன். ஐந்து வருஷத்தில் லைசென்ஸ் முடிகிற ஒரு நிறுவனம் வந்து இருபத்தைந்து வருஷக் கடன் கேட்டால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா? நியூயார்க்கில் சார்ட்டர் அனுமதி அதிகபட்சம் ஐந்து வருஷம். தேர்வு முடிவு, கணக்கு வழக்கு, வாரியத்தின் நடத்தை எல்லாம் பார்த்துப் புதுப்பிப்பார்கள், திருப்தி இல்லையென்றால் மூன்று வருஷம் மட்டும் கொடுப்பதும் உண்டு, ஒரேயடியாக மூடுவதும் உண்டு. மோசமான பள்ளியை மூட முடிய வேண்டும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிரே, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐந்து வருஷ உயிரை வைத்துக்கொண்டு முப்பது வருஷக் கட்டடத்தைத் தேடச் சொல்வது எந்தக் கணக்கிலும் ஒட்டாது. இந்தப் பிரச்சினையில் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளைத்ததுதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு கோணமும் இருக்கிறது. இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரே நாளில் முழுப் பள்ளியாகத் திறப்பதில்லை. முதல் வருஷம் கின்டர்கார்டனும் முதல் வகுப்பும் மட்டும், அப்புறம் வருஷத்துக்கு ஒரு வகுப்பு. தொடங்கும்போது ஆறு அறை போதும், ஐந்து வருஷத்தில் பதினெட்டு வேண்டும். கட்டட ஓனர் என்ன சொல்வார்? 'பிடித்தால் முழுசாகப் பிடி, பத்து வருஷ லீஸ் போடு.' முழுசாகப் பிடித்தால் மூன்று நாலு வருஷம் காலி அறைக்கு வாடகை. ஆறு அறை மட்டும் எங்காவது பிடித்தால் இரண்டே வருஷத்தில் இடம் பெயர வேண்டும். பெயரும்போது தூரம் கட்டுப்படியாகாத பெற்றோர் சிலர் பிள்ளையை எடுத்துவிடுவார்கள். பிள்ளை குறைந்தால் தலைக்கணக்குப் பணமும் குறையும். பணம் குறைந்த பள்ளியைப் பார்த்தால் அடுத்த ஓனர் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார், வங்கி கூடுதல் வட்டி கேட்கும்.

கடன் வாங்கிய பள்ளிகள் இல்லாமலில்லை. நகரத்தின் பில்ட் என்ஒய்சி அமைப்பு மூலமாக வரிவிலக்குப் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டுகிறார்கள். பள்ளியின் நண்பர்கள் என்ற பெயரில் தனியாக ஒரு லாபநோக்கற்ற அமைப்பைத் தொடங்கி, அது கட்டடத்தை வாங்கிப் பள்ளிக்கே வாடகைக்கு விடுகிற ஏற்பாடும் சாதாரணம். ஆனால் அதற்கு வக்கீல், ஆடிட்டர், முதலில் போட ஒரு பெருந்தொகை எல்லாம் வேண்டும். நாற்பது ஐம்பது பள்ளி நடத்தும் குழுமத்துக்கு இதற்கென்றே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். ஒற்றைப் பள்ளியில் தலைமையாசிரியர்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் புரோக்கரோடு கட்டடம் பார்க்கப் போகிறார்.

கேள்வி: 2014-ல் சட்டம் வந்து வாடகையை நகரமே தருகிறது என்று படித்தேனே. அப்புறம் எதற்கு இந்தப் புலம்பல்?
– நியூ ஜெர்சி வாசகர்

படித்தது சரி, ஆனால் அது எல்லாப் பள்ளிக்கும் இல்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மேயர் ப்ளூம்பெர்க் காலத்தில் பாதி காலியாகக் கிடந்த அரசுப் பள்ளிக் கட்டடங்களில் சார்ட்டர் பள்ளிகளுக்கு வாடகை இல்லாமல் இடம் கொடுத்தார்கள். ஒரு மாடியில் டிஸ்ட்ரிக்ட் பள்ளி, மேல் மாடியில் சார்ட்டர். கோ-லொகேஷன் என்று பெயர். 2014 ஜனவரியில் மேயர் பதவிக்கு வந்த டி ப்ளாசியோ, வசதி இருக்கிற சார்ட்டர் பள்ளிகளிடம் வாடகை வாங்க வேண்டும் என்று தேர்தலிலேயே பேசியவர். பிப்ரவரி கடைசியில், ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த இட ஒதுக்கீடுகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டு, சக்சஸ் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளிக் குழுமத்தின் மூன்று பள்ளிகளுக்கானதை ரத்து செய்தார். அதில் ஒன்றால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் இடம் போகும் என்பது நகரம் சொன்ன காரணங்களில் ஒன்று. சரி, நியாயமான காரணம்தான். ஆனால் எதிரில் நின்றவர் அந்தக் குழுமத்தைத் தொடங்கி நடத்தும் ஈவா மாஸ்கோவிட்ஸ். மார்ச் 4-ம் தேதி அவருடைய பள்ளிகள் அன்றைக்கு மூடி, பெற்றோரும் பிள்ளைகளும் பஸ் பஸ்ஸாக மாநிலத் தலைநகரான ஆல்பனிக்குப் போனார்கள், அந்தக் குளிரில் கூட்டத்தில் ஆளுநர் கூமோவே மேடையேறிப் பேசினார். ஒரு மாதத்துக்குள் மாநில பட்ஜெட்டோடு சேர்த்துச் சட்டமே மாறிவிட்டது. அந்த மூன்று பள்ளிகளுக்கும் மூடிக்கிடந்த கத்தோலிக்கப் பள்ளிக் கட்டடங்களை நகரமே பார்த்துக் கொடுத்தது.

சட்டம் சொல்வது இது: சார்ட்டர் பள்ளி எழுத்து மூலம் இடம் கேட்டால், ஐந்து மாதத்துக்குள் நகரம் அரசுக் கட்டடத்தில் இலவச இடம் தர வேண்டும், அல்லது வெளியே பிடித்த இடத்துக்கு வாடகை உதவி தர வேண்டும். தரவில்லையென்றால் பள்ளி மேல்முறையீடு போகலாம். உதவித் தொகை உண்மையான வாடகை, அல்லது தலைக்குத் தரும் பணத்தில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. பின்னால் அதை 30 சதவீதமாக உயர்த்தினார்கள். முதலில் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள், 200 பிள்ளைப் பள்ளியின் எட்டு லட்சம் இதில் முழுசாக அடங்கிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

யாருக்கு இது என்ற இடத்தில்தான் கத்தரி விழுந்தது. 2014-15 கல்வியாண்டில் அல்லது அதற்குப் பிறகு தொடங்கிய பள்ளிகளுக்கும், அதற்குப் பிறகு புது வகுப்பு சேர்க்க ஒப்புதல் பெற்ற பள்ளிகளுக்கு அந்தப் புது வகுப்புகளுக்கு மட்டுமே. 2005-லோ 2009-லோ தொடங்கி, எல்லா வகுப்பையும் ஏற்கெனவே முடித்து, வெளியே சொந்தச் செலவில் வாடகை கட்டிக்கொண்டிருந்த சின்னப் பள்ளிக்கு ஒன்றுமே இல்லை. அரசுக் கட்டடத்தில் இடம் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்தவர்கள் அவர்கள்தான்! நியூயார்க் நகரத்துக்கு வெளியே பஃபலோவிலும் ராச்செஸ்டரிலும் இருக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் இந்த உதவி கிடையாது. ஆல்பனிக்கு யார் பஸ் வைத்துப் போக முடிந்ததோ அவர்களுக்குத் தேவையான அளவில் எழுதப்பட்ட சட்டம் இது, அதற்கு மேல் நாசூக்காகச் சொல்லத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மூன்றாவது மாடியைச் சார்ட்டருக்குக் கொடுத்த பிறகு ஓவிய அறை போனது, பேச்சுப் பயிற்சியை நடைபாதையில் வைத்து நடத்துகிறார்கள். அவர்களுக்கு இடமில்லை என்று அழுகிறீர்கள், எங்கள் பிள்ளைகள் எங்கே போவது?
– ஜாக்சன் ஹைட்ஸ் வாசகி

உங்கள் கோபம் நியாயமானது, அதை நான் மறுக்கப் போவதில்லை. ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் படிக்கலாம் என்று நகரம் வருஷா வருஷம் ஒரு கணக்குப் புத்தகம் வெளியிடுகிறது, நீலப் புத்தகம் என்பார்கள். அதன் கணக்கில் 'காலி' என்று வருகிற அறை உண்மையில் காலியாக இருக்காது. அங்கே ஒரு ஆசிரியை நான்கு பிள்ளைகளுக்குத் தனியாக வாசிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். தாளில் காலி, நேரில் போனால் ஆள் இருக்கிறது. 2011-ல் ஆசிரியர் சங்கமும், கறுப்பின மக்களின் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பும் சேர்ந்து இந்த ஏற்பாட்டை எதிர்த்து வழக்கே போட்டார்கள்.

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று பள்ளி என்றால் ஜிம்மும் ஆடிட்டோரியமும் கேஃபடீரியாவும் மணிக் கணக்கில் பங்கு பிரிக்கப்படும். இட்லி செரிக்கும் முன்பே, காலை பத்தரை மணிக்கு மதிய உணவுக்கு வரிசையில் நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல் மாடிக்குப் புதுப் பெயின்ட்டும் புது நாற்காலியும் வந்து கீழ் மாடியில் பழையதே கிடந்தால் பிள்ளைகளுக்குப் புரியாமல் இருக்குமா? அதற்காகத்தான் 2010-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சார்ட்டர் பள்ளி தன் பகுதியில் 5,000 டாலருக்கு மேல் போட்டுச் சீர்செய்தால், அதே கட்டடத்தில் இருக்கும் மற்ற அரசுப் பள்ளிகளுக்கும் அதே அளவு நகரம் செலவழிக்க வேண்டும். உங்கள் கட்டடத்தில் அது நடந்ததா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். கட்டடத்துக்கு ஒரு பொது இடக் குழு இருக்க வேண்டும், அதில் பெற்றோரும் உண்டு. அதில் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்றும் கேளுங்கள்.

நகரத்தின் டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளில் வகுப்புக்குப் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க 2022-ல் வந்த சட்டப்படி மூன்றாம் வகுப்பு வரை 20 பேர், எட்டாம் வகுப்பு வரை 23, உயர்நிலையில் 25. படிப்படியாக 2028-க்குள் முடிக்க வேண்டும். வகுப்புக்கு ஆள் குறைந்தால் அறை அதிகம் வேண்டும். ஆக, இனிமேல் கோ-லொகேஷன் குறையத்தான் போகிறது என்று நினைக்கிறேன். இடம் தேடுகிற சின்னப் பள்ளிகள் வெளிச் சந்தைக்குத்தான் போயாக வேண்டும்.

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு மன்ஹாட்டனில் அலுவலகக் கட்டடங்கள் காற்று வாங்குகின்றனவே. அதில் இரண்டு மாடி எடுத்தால் தீர்ந்தது.
– பெங்களூரு வாசகர், ஐடி ஊழியர்

உங்கள் ஆபீஸில் ஐந்து வயசுப் பிள்ளைகள் இருநூறு பேரைக் கொண்டுவந்து விட்டுப் பாருங்கள், லிஃப்ட் என்ன ஆகும் என்று தெரியும்.

விளையாட்டில்லை. நியூயார்க்கில் எந்தக் கட்டடத்துக்கும் சர்டிபிகேட் ஆஃப் ஆக்குபன்சி என்று ஒரு சான்று இருக்கும், எந்த மாடி எதற்குப் பயன்படலாம் என்று அதில் எழுதியிருக்கும். அலுவலகம் என்று எழுதிய மாடியைப் பள்ளி என்று மாற்ற, வெளியேறும் படிக்கட்டு, கதவு திறக்கும் திசை, ஸ்பிரிங்க்ளர், தீயணைப்பு அலாரம், கழிப்பறை எண்ணிக்கை என்று ஒவ்வொன்றும் மாற வேண்டும். செலவு பள்ளியுடையது, லீஸ் முடிந்ததும் கட்டடம் ஓனருடையது. தொழிற்சாலை மண்டலமாகக் குறித்த தெரு என்றால், பள்ளி வைக்க நெடுங்காலமாகத் தனி அனுமதியே வாங்க வேண்டியிருந்தது. ஏப்ரலில் லாட்டரி போட்டுச் சீட்டும் கொடுத்துவிட்டு, ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் பள்ளிகள் இருக்கின்றன.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நம்மவர்கள் கேட்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நாம்.

அதனால்தான் மூடிய கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அவ்வளவு போட்டி. அவை பள்ளிக்கென்றே கட்டியவை. வகுப்பறை, அகலப் படிக்கட்டு, கரும்பலகை, சின்ன உயரத்தில் கைகழுவும் தொட்டி எல்லாம் அப்படியே இருக்கும். பாடத்தில் மதம் வரக் கூடாது என்பது சார்ட்டர் சட்டம், கட்டடத்தை வாடகைக்கு எடுப்பதற்குத் தடையில்லை.

கேள்வி: வேறு ஊர்களில் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்களா?
– திருச்சி வாசகர்

தலைநகர் வாஷிங்டனில் ஓரளவு. அங்கே அனுமதி பதினைந்து வருஷத்துக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பு. வங்கிக்காரர் முகத்தில் அதற்கே கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. அதோடு, கட்டடத்துக்கென்றே தலைக்கு 3,000 டாலருக்கு மேல் தனியாகத் தருகிறார்கள், வாடகையா சொந்தமா என்று பார்ப்பதில்லை. நகரம் வேண்டாம் என்று விடுகிற பள்ளிக் கட்டடங்களை முதலில் கேட்கும் உரிமையும் சார்ட்டர் பள்ளிகளுக்குச் சட்டத்தில் உண்டு. 2008-ல் மிஷெல் ரீ அந்த நகரப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது 23 அரசுப் பள்ளிகளை மூடினார்கள். அதில் ஜே.எஃப். குக் என்ற பழைய பள்ளிக் கட்டடம் பூட்டியே கிடந்து, 2014-ல் முந்தோ வெர்தே என்ற ஸ்பானிஷ் இருமொழிச் சார்ட்டர் பள்ளி அதில் குடியேறியது. நடுவில் ஆறு வருஷம் என்பதைக் கவனியுங்கள். உரிமை சட்டத்தில் இருப்பது வேறு, சாவி கையில் வருவது வேறு. காலிக் கட்டடத்தை அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொடுத்தால் நகரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கு எப்போதும் குறுக்கே நிற்கும்.

கலிபோர்னியாவில் வேறு மாதிரி. 2000 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 39-வது முன்மொழிவுப்படி, உள்ளூர்ப் பிள்ளைகள் 80 பேராவது இருக்கும் சார்ட்டர் பள்ளிக்கு, அந்த ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் தன் பள்ளிகளுக்கு இணையான இடம் தர வேண்டும். ஆனால் வருஷா வருஷம் கேட்க வேண்டும். நவம்பர் 1-க்குள் விண்ணப்பம், பிப்ரவரியில் முதல் பதில், ஏப்ரல் 1-ல் இறுதி ஒதுக்கீடு. அடுத்த செப்டம்பரில் எங்கே இருப்போம் என்று பிப்ரவரியில்கூடப் பெற்றோரிடம் சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2024-ல் பள்ளி வாரியம் இந்த ஒதுக்கீட்டைச் சில பள்ளிகளில் கட்டுப்படுத்தி விதி போட, சார்ட்டர் சங்கம் நீதிமன்றம் போனது.

கேள்வி: போன இதழில் எழுதியவள் நான்தான். மகன் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஆசிரியர்கள் தங்கமானவர்கள், அவனும் சந்தோஷமாகப் போகிறான். ஆனால் இரண்டாவது தடவையாக இடம் மாற்றுகிறார்கள், இது மூன்றாவது கட்டடம். இருப்பதா, டிஸ்ட்ரிக்ட் பள்ளிக்கே போய்விடுவதா?
– குவீன்ஸ் வாசகி

இடம் மாறுவது மட்டும் காரணமென்றால் அவசரப்படாதீர்கள் அம்மா. மேலே சொன்னதையெல்லாம் பார்த்தால், தொடங்கி ஐந்தாறு வருஷத்தில் மூன்று கட்டடம் என்பது நிர்வாகத்தின் அசட்டைக்கு அடையாளம் இல்லை, சின்னப் பள்ளிக்கு அது கிட்டத்தட்ட வழக்கம். எங்கே போகிறார்கள், எத்தனை வருஷத்துக்குப் போகிறார்கள் என்பதுதான் விஷயம்.

சார்ட்டர் வாரியக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, சட்டப்படி நீங்கள் போய் உட்காரலாம். போங்கள். பெற்றோர் கூட்டத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். லீஸ் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். பத்துக்குக் குறைவு என்றால் நாலாவது கட்டடம் காத்திருக்கிறது. சார்ட்டர் எப்போது புதுப்பிக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள். இந்த வருஷமோ அடுத்த வருஷமோ என்றால், அது தெரியும் வரை பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். போன தடவை முழு ஐந்து வருஷம் கொடுத்தார்களா, குறைத்தார்களா என்பது பொது ஆவணம், இணையத்திலேயே இருக்கும். புதுக் கட்டடத்துக்குப் பள்ளி என்று சான்று வந்துவிட்டதா, வரவில்லையென்றால் செப்டம்பரில் எங்கே நடத்துவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்விக்கு 'வந்துவிடும்' என்று மட்டும் பதில் வந்தால் கொஞ்சம் கவலைப்படலாம்.

அப்புறம் மஞ்சள் பஸ். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பொதுவாக இரண்டாம் வகுப்பு வரை வீட்டிலிருந்து அரை மைல் தாண்டினால் பஸ்ஸுக்குத் தகுதி, மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு மைல். உங்கள் மகன் வரும் செப்டம்பரில் மூன்றாம் வகுப்பு, பள்ளியும் அதே மாதம் இடம் மாறுகிறது. இப்போது முக்கால் மைலில் ஏறிக்கொண்டிருந்தவன் அடுத்த வருஷம் அதே தூரமாக இருந்தாலும் தகுதி இழப்பான். புது முகவரியைப் போட்டுத் தூரத்தை இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பள்ளி இடம் மாறினாலும் அவன் சீட் போகாது, படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை மறுபடி லாட்டரிக்குப் போக வேண்டியதில்லை. விட்டுவிட்டுத் திரும்பி வந்தால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறோம். தமிழ்–ஆங்கில இருமொழிச் சார்ட்டர் பள்ளி ஒன்று தொடங்கலாமா?
– நியூயார்க், லாங் ஐலண்ட் வாசகர்

ஆசை நல்ல ஆசை. முன்னுதாரணமும் இருக்கிறது: புரூக்ளினில் ஹீப்ரு மொழிக்கு 2009-ல் ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்கினார்கள், வாஷிங்டனில் சீன மொழிக்கு யூ யிங் 2008 முதல் நடக்கிறது. ஆனால் அவை யூதப் பிள்ளைகளுக்கோ சீனப் பிள்ளைகளுக்கோ மட்டுமான பள்ளிகள் இல்லை, லாட்டரியில் யார் பெயர் வருகிறதோ அவர்களுக்கு. உங்கள் பள்ளியிலும் பாதி வகுப்பு வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளாக இருக்கலாம், அவர்களுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கத் தயாரா என்று முதலில் பேசி முடிவெடுங்கள்.

நியூயார்க் நகரத்துக்குள் என்றால் இப்போதைக்கு வாய்ப்பில்லை. மாநிலம் முழுதுக்கும் 460 என்று வரம்பு, அதில் நகரத்தின் பங்கு 2019-லேயே தீர்ந்துவிட்டது. 2023-ல் மூடிப்போன பள்ளிகளின் பழைய அனுமதிகளில் 14-ஐ நகரத்துக்கு உயிர்ப்பித்துக் கொடுத்தார்கள் (ஜோம்பி சார்ட்டர் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்), அவ்வளவுதான். லாங் ஐலண்ட் பக்கம் அனுமதிக்கு இடம் இருக்கலாம், ஆனால் அங்கே நகரத்தின் வாடகை உதவி கிடையாது, மொத்த வாடகையும் தலைக்கணக்குப் பணத்திலிருந்துதான்.

சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பள்ளியோ தேவாலயமோ நாலு மணி நேரத்துக்கு அறை தருகிறது, மாலையில் நாற்காலிகளைப் பழைய இடத்தில் அடுக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வருகிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை வேண்டுமென்றால் அந்த அனுபவம் உதவாது. பாடத்திட்டம் எழுத ஆள் கிடைத்துவிடுவார்கள், நம்மவர்களில் அதற்குக் குறைவில்லை. உங்கள் வாரியத்தில் வணிகக் கட்டட லீஸ் படித்துப் பழக்கமுள்ள ஒரு வக்கீலும், பள்ளிக் கட்டடம் செய்த ஓர் ஆர்க்கிடெக்டும் இருக்கிறார்களா? இல்லையென்றால் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை எழுதுவதற்கு முன் அந்த இரண்டு பேரைத் தேடுங்கள். விண்ணப்பம் எப்படியும் ஒரு வருஷத்துக்குக் குறைவாக ஆகாது, அதற்குள் நடக்கக்கூடிய தூரத்தில் மூடப்போகிற தேவாலயப் பள்ளி ஏதாவது இருக்கிறதா என்றும் விசாரித்து வையுங்கள்.